கண்ணாடித் தண்ணீரில் மெலிந்த மீன்கள்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. நீயும் சளி விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவார், இதில் அவர் முன்னால் சொல்ல முடியாதது கொஞ்சம் இருக்கிறது, உன்னிடம் சொல்ல எனக்கே தயக்கமானதும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு மாதமாக அப்பா ஏன் சரியாகப் பேசுவதில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாய், நானும் வேலை அதிகம் என்று சமாளித்தேன். உண்மையில் குளம் கையை விட்டுப் போகிற நிலையில் இருந்தது. இப்போது அந்த நிலை இல்லை, அதனால் பதறாமல் படி.

ஏணி ஏற முடியாமல் அப்பா ஏசி மெக்கானிக் வேலையை விட்ட பிறகு, உன் பெரிய அத்தை, நீ ஜட்ஜ் அத்தை என்று பெயர் வைத்தவர்தான், தன் கிடங்குக்குப் பின்னால் சும்மா கிடந்த பள்ளத்தை மீன் வளர்க்கக் கொடுத்தாரே, கொடுக்கும்போதே ஒரு கெடுவும் வைத்தார். பத்து மாதத்தில் மீன் மீனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தை மூடி லாரி நிறுத்த விட்டுவிடுவேன் என்றார். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா என் வாயைக் கட்டினார். வேலையை விட்ட அந்த ஆறு மாதம் அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று நீ பார்க்கவில்லை, ஃபேன் கடகடவென்று ஆடினால்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார். குளம் வந்த பிறகுதான் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதராக மறுபடி ஆனார். பள்ளத்தில் ஷீட் விரித்து, தண்ணீர் நிரப்பி, வெள்ளிக்கெண்டைக் குஞ்சுகளை விட்டார். எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் தண்ணீர் கொஞ்சம் பச்சை அடித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் ஊரார் வீட்டு ஃபில்டரையெல்லாம் கழுவிய கை, சும்மா இருக்குமா. ஷீட்டில் படிந்த பாசியைத் துடைப்பம் கட்டித் தேய்த்தார், தண்ணீர் சூடாகக் கூடாது என்று மேலே நிழல் வலை கட்டினார். அந்தச் சமயத்தில்தான் நீ அவர் பிறந்தநாளுக்கு யூவி விளக்கு வைத்த ஃபில்டரை அனுப்பினாய். பத்தே நாளில் தண்ணீர் கண்ணாடி. அடியில் விழுந்து கிடந்த ஸ்பேனர் மேலிருந்தே தெரிந்தது. நீதான் தண்ணி ஆளு, வந்து பாத்துச் சொல்லு என்று என்னைக் கூட்டிப்போனார். நானும் குனிந்து பார்த்து, மோந்து பார்த்து, ரொம்ப நல்லா இருக்கு என்று சொன்னேன். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்துநாலு வருடமாக, தண்ணீரில் எதுவும் உயிரோடு இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன சொல்வேன்.

அதற்குப் பிறகு மீன் வளரவே இல்லை. தலை மட்டும் பெரிதாக, உடம்பு சீப்பு மாதிரி ஒட்டிப்போய்த் திரிந்தன. அப்பா தீவனத்தைக் கூட்டினார், அது அப்படியே அடியில் போய்ப் படிந்தது, அதையும் அவர் வலை போட்டு அள்ளிச் சுத்தம் செய்தார். அத்தை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னடா தம்பி, மீனுக்கு டயட்டா என்று கேட்டுவிட்டுப் போனாராம். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. மீனுக்கு நோய் ஏதாவது இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம், ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய் மதிய இடைவேளையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். எத்தனை துளி வைத்தாலும் ஒன்றும் அசையவில்லை. பச்சைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. எங்கள் படிவத்தில் இதற்கு மிக நன்று என்று எழுதியிருப்பேன், கையில் பேனாகூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. வெள்ளிக்கெண்டை தண்ணீரைச் செவுளில் வடிகட்டிப் பாசியைத் தின்கிற மீன். கல்லூரி முதல் வருடத்தில் படித்தது, பரீட்சையில் படம்கூட வரைந்திருக்கிறேன்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். வெயிலைப் பிடித்து உணவாக மாற்றுகிற ஆள் அந்தக் குளத்தில் பாசி மட்டும்தான், மீனுக்கு அந்த வித்தை தெரியாது, வெயில் பாசிக்குள் போய்த்தான் மீனுக்குள் வர முடியும், நாம் வெயிலுக்கு வலை கட்டினோம், பாசியை விளக்கு வைத்துக் கொன்றோம் என்றேன். அவர், மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ஏசி கூலாகலையேன்னு நின்னுருக்கோம், அப்படித்தானே என்றார். அப்படியேதான். பாசி பிடித்த வெயிலும் முழுதாக மீனாகிவிடாது, பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினால் பெரிது, மிச்சம் நீந்துவதிலும் மூச்சு விடுவதிலும் சூடாகப் போய்விடும் என்றேன். அதற்கும் அவர் அசரவில்லை. கம்ப்ரசர் மேல கை வெச்சா சுடுதே, அந்த நஷ்டந்தானே, அது இல்லாத மெஷின நான் பாத்ததே இல்ல என்றார். அவரே யோசித்து, அப்ப தீவனக் கடைக்காரன் விரால் விடு, மீனைத் தின்னு சீக்கிரம் பெருக்கும்னு சொன்னானே, அது இன்னொரு பத்துல ஒண்ணா, என்னை என்னன்னு நெனச்சான் அவன் என்று கோபித்துக்கொண்டார். நான் கல்லூரியில் மூன்று நாள் புரியாமல் இருந்த விஷயம். சாணம் கரைத்துவிட்டால் போதுமா என்றும் கேட்டார். சாணத்தின் சத்து பாசிக்கு உரம், அது மீனின் கழிவாகித் திரும்பத் திரும்பச் சுற்றி வரும், ஆனால் வெயில் சுற்றி வராது, இன்றைக்குச் செலவானது செலவானதுதான், நாளைக்குப் புதிதாகத்தான் வர வேண்டும் என்றேன். உடனே எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய் வலையை அவிழ்த்துவிட்டு வந்தார்.

ஃபில்டரை மட்டும் கழற்றவில்லை. புள்ள அவ்வளவு தூரத்துலேருந்து அனுப்புனது, அவ கேட்டா என்னன்னு சொல்றது என்று நான்கு நாள் பிடிவாதம். உன்னிடம் சொல்லத் தயங்கினேன் என்றேனே, அது இதுதான். இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, சுத்தம் என்று இந்த வீட்டில் நாங்கள் எதைச் சொல்லி வளர்த்தோமோ அதைத்தான் நீ வாங்கி அனுப்பினாய். இப்போது அது மாடித் தொட்டியில் ஓடுகிறது, அங்கே உண்மையிலேயே நல்ல பொருள், நானே பரிசோதித்தேன். குளத்துத் தண்ணீர் ஒரே வாரத்தில் பச்சையாகிவிட்டது. முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை கண்ணுக்கு மறைய வேண்டும், அதுதான் அளவு, அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, இரவில் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடியற்காலையில் மீனுக்கு மூச்சு முட்டும். அப்பா தினமும் சட்டைக் கையை மடித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கெடு முடிந்து அத்தை வந்தார். வந்ததும், போன தடவை மீனாவது தெரிஞ்சுது, இப்ப அதுவும் போச்சா என்றார். அப்பா வலையை வீசி இழுத்தார். ஆறு வாரத்துக்கு முன் நூற்றிருபது கிராம் இருந்தவை, இருநூற்றைம்பதுக்குக் குறையாமல் துள்ளின. அத்தை ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது மீன்தான், ஆனா ஒம்போது மாசம் என்னடா பண்ணே, வீட்லயே தண்ணி டெஸ்ட் பண்றவ இருக்கா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, உன்னை நம்பி இன்னொரு வருஷம் எப்படி விடுறது என்று பிடித்துக்கொண்டார். அப்பா வலையை உதறிக்கொண்டே தலையைக் குனிந்து நின்றார். அத்தனை நாளும் அவர் தன் அக்காவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம், அத்தைக்கு என் படிப்பின் மேல் ஒரு மரியாதை உண்டு, குளத்தை விட்டுவைக்க அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கையே அது ஒன்றுதான். அண்ணி, அவர் கேட்டார், நான்தான் தண்ணி ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னேன் என்றேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். நீயா, என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பி, படிச்சவளே கோட்டை விட்டிருக்கா, நீ பாவம் என்ன பண்ணுவே, அடுத்த வருஷமும் நடத்து, ஆனா ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் சரியா இருங்க என்று சொல்லிவிட்டு, கையில் பிடித்த மீனைத் திரும்ப விடாமலே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா என்னைச் சின்ன வயசுலேருந்து திட்டுறா, எனக்குப் பழகிடுச்சு, உன்னை ஒரு வார்த்தை சொன்னா நீ ஒரு வாரம் தூங்கமாட்டே என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் வரவில்லை, உனக்குத் தெரியாததா. அதனால்தான் உன்னிடம் எழுதுகிறேன், நீயாவது பேசும்போது அவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல், அம்மா சொன்னாள் என்றே சொல்.

பல் வைத்தியரைத் தள்ளிப்போடாதே. உடம்பும் வேலையும் நல்லபடி அமைய எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

அன்புடன்,
உன் அம்மா