தொண்ணூற்றொன்பது சதவீதம்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பெருமாள்மலையில் பஸ் இருபது நிமிடம் லேட். ஏறியும் உட்கார இடமில்லை.

ஆஸ்பத்திரி போனதும் முதல் வேலையாக சர்வரைப் பார்த்தேன். டிஸ்க் 94 சதவீதம் நிரம்பியிருக்கிறது. போன மாதம் 79. எது தின்கிறது? எக்ஸ்ரே படங்களா? நாயுடுபுரத்தில் எல்லோருக்குமா எலும்பு முறிந்தது?

நூறு ஆனால்: புதுச் சீட்டுப் போட முடியாது. லேப் ரிசல்ட் ஏறாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே இடம் தீர்ந்தால் பழையதும் கெடலாம். பதினொரு வருடத்து நோயாளிகள் அத்தனை பேரும் அந்த ஒரு பெட்டிக்குள். யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எல்லாம். பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி.

பேக்கப் இருக்கிறது. வெளி டிஸ்க்கில் தினமும் தானாக ஒரு நகல். இன்றும் ‘முடிந்தது’ என்று செய்தி வந்திருக்கிறது. அந்த ஒரு தைரியம்தான்.

சர்வர் ரூமில் மறுபடியும் ஈரத்துணி. இந்த மாதம் ஊரில் எதுவும் காயாது, சர்வரும் ரூம் ஹீட்டருமாக ஆஸ்பத்திரியிலேயே சூடான அறை அது ஒன்றுதான். அதற்காக? நர்ஸுகளின் சாக்ஸ் இரண்டு ஜோடி, யாருடையதோ ஒரு மங்கி குல்லா. எடுத்து வெளியே போட்டேன். கதவில் நோட்டீஸ்: இங்கே துணி காயப்போடக் கூடாது.

வீட்டில் பாப்பாவுக்கு இருமல். கற்பூரவல்லி.

நவம்பர் 12, புதன்

95. மூடுபனி. மதியமும் லைட் போட வேண்டியிருந்தது.

சர்வர் விற்ற மதுரைக் கடைக்குப் போன். சரவணன் சிரிக்கிறான். “ஏன் மேடம் பயப்படுறீங்க? ஓடிக்கிட்டு இருக்கும்போதே பண்ணலாம். புது டிஸ்க்கச் சொருகுங்க, பழசோட சேருங்க, ஃபைல் சிஸ்டத்த நீட்டி விடுங்க. ரெண்டு நிமிசச் சோலி. பேக்கப் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

அவனுக்கென்ன, மதுரையில் உட்கார்ந்து சொல்வான். டிஸ்க் பெயரில் ஓர் எழுத்து மாறினால் போதும், புதுசுக்குப் பதிலாக வேறொன்று துடைக்கப்பட்டுவிடும்.

சர்வரை ஒரு மணி நேரம் நிறுத்தலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “நிறுத்தவே கூடாது கலா. பிரசவ கேஸ் ரெண்டு இருக்கு” என்றுவிட்டார். சரி.

நவம்பர் 14, வெள்ளி

97. டிஸ்க் வத்தலக்குண்டு பஸ்ஸில் பார்சலாக வந்தது. உள்ளங்கை அகலம்தான். சுற்றியிருந்த தெர்மாகோல்தான் தலையணை அளவு.

ஞாயிறு செய்வதாக முடிவு. ஓ.பி. கிடையாது, கூட்டம் இருக்காது.

செய்ய வேண்டியவை:
யூ.பி.எஸ். பேட்டரி பார்
கட்டளைகளைத் தாளில் எழுதி வை, மனப்பாடத்தை நம்பாதே
டிஸ்க் பெயரை மூன்று முறை படி
பாப்பாவுக்கு சிரப்

சோறு இறங்கவில்லை. பழனி முருகனுக்கு மொட்டை போடுவதாக நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நடந்து வருகிறேன் அப்பா என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு, காலை

வெள்ளனே வந்துவிட்டேன். மழை. 99.

புது டிஸ்க்கைச் சொருகினேன். பச்சை விளக்கு வந்தது. டிஸ்க்குகளின் பட்டியலைக் கேட்டேன். மூன்று வர வேண்டும்: பழசு, பேக்கப், புதுசு. இரண்டுதான் வந்தது. மூன்று முறை படித்தேன். இரண்டுதான். பழசு இருக்கிறது, புதுசு இருக்கிறது. பேக்கப் இல்லை.

ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். பேக்கப் டிஸ்க்கின் கரண்ட் வயர் கழன்று தரையில் கிடக்கிறது. அதன் பிளக் இருந்த இடத்தில் ரூம் ஹீட்டரின் பிளக்.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோயிற்று. வெளி டிஸ்க் இல்லாததால் தினசரி நகல் சர்வருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. தன்னைத் தானே நிரப்பிக்கொண்டு தினமும் எனக்கு ‘முடிந்தது’ என்று செய்தி அனுப்பியிருக்கிறது. நானும் படித்துவிட்டு நிம்மதியாக டீ குடித்திருக்கிறேன். வயரை மாட்டிப் பார்த்தேன். பேக்கப் டிஸ்க்கில் கடைசி நகல் அக்டோபர் 27. கிட்டத்தட்ட மூன்று வாரம், பேக்கப் இருக்கு இருக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பாவி.

முதலில் புது நகல். மூன்று மணி நேரம். இரண்டு முறை கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீச் கீச். நாற்காலியில் உட்காரவில்லை.

சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். வார்டுப் பொறுப்பு அவருடையது. “யாரு இதப் புடுங்குனது? இந்த ரூமக் கூட்டுறது யாரு?”

பாப்பாத்தி அக்கா வாளியோடு வாசலில். மன்னவனூர்க்காரர், ஒப்பந்த ஆயா. “நாந்தாங்க கூட்டுறேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். “எத்தன தடவ சொல்லிருக்கேன், வயரத் தொடாதீங்கன்னு? எல்லாம் போயிருந்தா நீங்களா குடுப்பீங்க?”

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “புடுங்குன நெனப்பு இல்லம்மா. கூட்டையில கை பட்டுருக்கும். மன்னிச்சுருங்க.”

“பேரோட ரிப்போர்ட் எழுதி டாக்டர் மேசைல வைங்க கலா. இந்த ஆளு வேணுமா வேணாமான்னு அவங்க பாத்துக்கட்டும்” என்றார் சிஸ்டர். எழுதி வைத்தேன்.

நகல் முடிந்ததும் தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். சேர்த்தேன். நீட்டினேன். சரவணன் சொன்ன இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 99 இருந்த இடத்தில் 52. பக்கத்து வார்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. சுவரில் சாய்ந்து அழுதேன், சத்தம் வராமல்.

அதே நாள், மாலை

வீடு. பாப்பா இருமல் பரவாயில்லை. எத்தனை நாள் பேக்கப் இல்லாமல் இருந்தது என்று கணக்குப் பார்க்க இதே நோட்டைப் பின்னால் புரட்டினேன்.

அக்டோபர் 28. என் கையெழுத்து:

“அடை மழை. பாப்பா ஸ்கூல் ஸ்வெட்டர் சொட்டச் சொட்ட. இருப்பது ஒன்று. கையோடு எடுத்துப் போய் சர்வர் ரூம் ஹீட்டரில் காட்டினேன். பிளக் ஒன்றும் காலியில்லை, பின்னால் எதையோ கழற்றிவிட்டு மாட்டினேன். மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. நல்லவேளை.”

நாலு முறை படித்தேன். பாப்பா அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எதிரே உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறாள்.

பயமாக இருக்கிறது. காலையில் இருந்ததை விட அதிகம். அப்போது கட்டளை தாளில் இருந்தது. இதற்குத் தாள் இல்லை.

ரிப்போர்ட் டாக்டரம்மா மேசையில். நாளை எட்டு மணிக்கு வருவார். பாப்பாத்தி அக்கா ஏழுக்கே கூட்ட வந்துவிடுவார்.

முதல் பஸ் ஆறு பத்து.