இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்த அண்ணிக்கு

என் பிரியமுள்ள அண்ணி,

காஜா பேராங்கில் நம் வீட்டில் எல்லாரும் சுகம். மல்லிகா பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். "கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்கம்மா" என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இவள் வாய் திறந்து பேசுவாளா என்று நாம் எத்தனை நாள் பயந்திருப்போம்!

அப்போது ஊரே மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. மல்லிகா என் வயிற்றில் ஐந்து மாதம். மார்பில் தட்டுப்பட்ட கட்டி புற்றுநோய் என்றார் டாக்டர். "கலைச்சிடலாம். உன் உயிர்தான் முக்கியம்" என்றார் அண்ணன். என் வீட்டுக்காரர் அண்ணன் முகத்தையே பார்த்தார்.

நீங்கள்தான் டாக்டரிடம் மலாயில் நேராகக் கேட்டீர்கள்: "அறுத்து எடுத்தா வயித்துல இருக்கிற புள்ளைக்கு என்ன ஆகும்?"

அவர் மறைக்கவில்லை. மயக்க மருந்தைப் பிள்ளை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குறைமாதத்தில் பிறந்தாலும் பிறக்கலாம் என்றார். கதிர்ச் சிகிச்சைதான் பிள்ளையைக் கெடுக்கும், அதைப் பிரசவம்வரை தள்ளிப்போட்டால் ஆபத்து எனக்கு.

"நீ என்ன நெனைக்கிற சரோஜா?" என்று என்னைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

"பெத்துக்கிறேன் அண்ணி."

அறுவை முடிந்து கண் விழித்தபோது உங்கள் கை என் வயிற்றின்மேல் இருந்தது. "உதைக்குதுடி, நல்லாவே உதைக்குது" என்றீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான் வலித்தது.

நாள் நிறையுமுன்னே, கோழிக்குஞ்சு போலப் பிறந்தாள். கதிர்ச் சிகிச்சைக்காக நான் சிங்கப்பூர் போக வேண்டியிருந்தது. பால் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். உங்கள் குமார் அப்போது பால்குடி. ஒரு பக்கம் அவன், மறுபக்கம் மல்லிகா. நான் திரும்பி வந்தபோது அவள் கன்னம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்து அழுதாள். உங்களிடம் போனதும் நிறுத்திவிட்டாள். சற்று வலித்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பிறகும் அவளுக்குக் காது கேட்குமோ என்ற சந்தேகம் விடவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டுவீர்கள். திரும்பிப் பார்ப்பாள். மறுநாளும் தட்டுவீர்கள்.

போன வாரம் டாக்டர் பார்த்தார். எனக்கு நோய் திரும்பவில்லையாம். ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நான் இருப்பேன், நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று யார் நினைத்தோம்?

உங்கள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், "குமாருக்குப் பொண்ணு வீட்டுலயே இருக்கு" என்று ஆரம்பித்தார்கள். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா சொல்வாரே, ஒரே பால் குடித்தவர்கள் உடன்பிறப்பு, கட்டிவைக்கக் கூடாது என்று? "அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி" என்றேன்.

நேற்றுக் காலை சாப்பிடும்போது குமார் வாய் தவறி என்னை "அம்மா" என்றான். அத்தை என்று திருத்த வேண்டுமோ என்று என் முகத்தையே பார்த்தான்.

"இன்னொரு தோசை போடவாடா?" என்றேன்.

தலையாட்டினான். நான் இருக்கும்வரை அவன் பசியோடு எழுந்திருக்கமாட்டான் அண்ணி.

உங்கள் நாத்தனார்,
மல்லிகாவுக்கும் குமாருக்கும் அம்மா,
சரோஜா