மோட்டார் கொட்டகைப் பக்கம் ஓர் ஆள்

களமருதூர்
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அரசு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, பொங்கலுக்கு முந்தின வாரம் கன்று போட்ட செவலைப் பசு, எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பும் அந்த இடது தோளும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் எங்களுக்குப் போதும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் கிரிக்கெட் பேச்சை எடுத்தாலே அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. வியாழக்கிழமை சிங்கப்பூர் வருகிற நம் ஊர் அஜித் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதையும் படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

உளுந்து பிடுங்குகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாதி கறுத்துவிட்டது. மீதியைத் தார்ப்பாயில் காய வைத்து உனக்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மருந்து தடவச் சொன்னால் வாசனை பிடிக்கவில்லையாம். பொங்கலுக்கு உனக்கும் வேட்டி சட்டை எடுத்தோம். போன வருஷத்தது மேலேயே அதையும் வைத்தேன். மடிப்புக் கலையாத இரண்டு ஜோடி. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. உளுந்து எடுத்த நம் நிலத்தில் வழக்கம்போல மலைக் கிராமத்து டீமுக்கும் நம் ஊருக்கும் மூன்று மேட்ச். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைசி மேட்ச் அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் எங்கே இருந்து பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. புங்கமரத்தடியில் இருந்தேன். நம் கேப்டன் ஜெயப்பிரகாஷ் கீப்பிங் நின்ற இடத்துக்கு எவ்வளவு பக்கம் அது. கடைசிப் பந்து. மலை டீமுக்கு நாலு ரன் வேண்டும். மட்டையோடு அவர்கள் கேப்டன் ராஜதுரை. நீ பந்தை வாங்கிக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் நிற்கிறவனை மோட்டார் கொட்டகைப் பக்கம் அனுப்பச் சொல்லிக் கை காட்டினாய். இரண்டு தடவை. ஜெயப்பிரகாஷ் சொன்னான், நீ பந்தப் போடுடா, ஃபீல்டிங்க நான் பாத்துக்கறேன் என்று. போட்டாய். தரையில் குத்தாத ஃபுல்டாஸ்தான், அதை நான் மறுக்கவில்லை, கை வேர்த்திருக்கும். பந்து மேலே போய் மோட்டார் கொட்டகைக்கு முன்னால், ஆள் இல்லாத வெற்றுத் தரையில் விழுந்து எகிறிக் கோட்டைத் தாண்டியது. அப்புறம் ஜெயப்பிரகாஷ் போய் மைக்கைப் பிடித்தான். ஃபுல்டாஸ் போட்டு மேட்ச்ச தாரவாத்துட்டான்யா எங்க ஆளு. ஊரே சிரித்தது. நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பிலேயே நடந்து வீட்டுக்கு வந்தாய்.

மறுநாளிலிருந்து உனக்குப் பெயர் ஃபுல்டாஸ். பஸ்ஸில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில். ஆள் கேட்டியேடா, அதைச் சொல்லேண்டா என்றேன். தோத்தது தோத்ததும்மா என்றாய். நான் சொல்லிப் பார்த்தேன். பெத்தவ சாட்சி செல்லாதுப்பா என்று டீக்கடையில் ஒருத்தர் அப்பாவிடம் சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். சித்திரையில் நீ விமானம் ஏறினாய். வேலை கிடைத்துப் போயிருக்கிறான் என்று எல்லோருக்கும் சொன்னோம். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நீ போன பிறகு அந்தப் பெயர் எனக்கு வந்தது. ஜெயப்பிரகாஷின் அம்மா பெரியம்மாள், குழாயடியில் குடத்தை நகர்த்தும்போது, ஃபுல்டாஸ் அம்மா வந்துட்டாங்க, வழி உடுங்கடி என்பாள். கூட இருக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன். வருகிற வழியெல்லாம் ஒரே நினைப்பு. அவள் பிள்ளை ஒரு நாள் அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுதல். கோயிலுக்குப் போனாலும் அதுதான்.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று முதல் மேட்ச் நாம் ஜெயித்தோம். காணும் பொங்கலன்று இரண்டாவது, அவர்கள் ஜெயித்தார்கள். டீக்கடையில் அன்று மாலை அடிதடி ஆகாத குறையாம், அப்பா வந்து சொன்னார். வேகமாகப் போடுகிறவனை முதலிலேயே தீர்த்துவிட்டுக் கடைசியில் சுழல் போடுகிறவனை விட்டது ஜெயப்பிரகாஷ் தப்பு என்று ஒரு கூட்டம். பந்து போடறவன் ஒழுங்கா போட்டா கேப்டன் இன்னா பண்ணாலும் ஜெயிக்கலாம் என்று இன்னொரு கூட்டம். மைக் செட்காரர் பாவாடை நடுவில் புகுந்து, ஏரிக்கரப் பக்கமே மூணு பேர நிக்க வெச்சிகினு இருந்தானே, இன்னாத்துக்குடா, அங்க மீனா புடிக்கறானுவ என்று கேட்டாராம். பேச்சு எங்கெங்கோ சுற்றி உன்னிடம் வந்து நின்றதாம். இதுக்கு ஃபுல்டாஸே தேவலாம்பா என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். அப்பா இதைச் சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன் என்றார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

கடைசி மேட்ச் அன்று டாஸுக்கு முன்னால் நிலம் கொடுத்த வீட்டுக்காரர் ஒரு ரூல் சொல்லலாம், இரண்டு கேப்டனும் ஸ்டம்பைத் தொட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நம் நிலத்து வழக்கம், நீ அறியாததா. அப்பா வருஷா வருஷம் கிணற்றைத்தான் சொல்லுவார். பந்து கெணத்துல உழுந்தா அவுட்டு, அடிச்சவனே எறங்கி எடுக்கணும். ஞாயிற்றுக்கிழமை கடைசி மேட்ச், அன்று காலையில் அப்பாவிடம் சொன்னேன், இந்த வருஷம் நான் சொல்கிறேன் என்று. என் முகத்தைப் பார்த்தார். வாணாம் வளரு என்றார். பாவாடை மைக்கில், நெலத்துக்காரர் பச்சமுத்து அண்ணன் ரூல் சொல்ல வரவும் என்று கூப்பிட்டபோது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்தத் தபா அவ சொல்லுவா என்றார். நான் நடு கிரவுண்டுக்குப் போனேன். கடைசி ஓவரைக் கேப்டன்தான் போட வேண்டும், இரண்டு டீமுக்கும் என்றேன். ஒரே சத்தம். பாவாடை மைக்கிலேயே, வளர்மதி அக்காவ இந்தியா டீமுக்கு அனுப்பியிருக்கணும்யா என்று சிரித்தார். ராஜதுரை பந்து போடுகிறவன், சட்டென்று ஸ்டம்பைத் தொட்டுவிட்டான். ஜெயப்பிரகாஷ் மட்டும் நின்றான். நான் கீப்பரு சின்னம்மா, பந்தே போட்டதில்ல என்றான். ஃபீல்டிங்கதான் நீ பாத்துக்குவியே, பந்தையும் போட்டுத்தான் பாரேன் என்றேன். அவனுக்குப் புரிந்தது. புரிந்த முகத்தை நான் பார்த்தேன். இரண்டு வருஷமாக நான் பார்க்க நினைத்த முகம். குனிந்து ஸ்டம்பைத் தொட்டான்.

முதலில் நாம் ஆடினோம். பிறகு அவர்கள். அவர்கள் ஒவ்வொருத்தராக அவுட் ஆகி, கடைசி ஓவருக்கு வரும்போது கையில் ஒரே விக்கெட், எட்டு ரன் வேண்டும், மட்டையோடு அதே ராஜதுரை. ஜெயப்பிரகாஷ் பந்தை வாங்கினான். முதல் பந்தே அகலமாகப் போனது. அடுத்தது இரண்டு ரன். யார்க்கர் போடுடா என்று ஒருத்தன் கத்த, யார்க்கரு அவன் தெருவுக்கே வந்ததில்லடா என்று இன்னொருத்தன் கத்தினான். டேய் ஃபுல்டாஸ் கில்டாஸ் போட்டுத் தொலச்சிடாத என்று பெரியம்மாளின் தம்பியே கத்தினான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வேர்த்திருந்தான். பந்தைச் சட்டையில் துடைக்கிறான், கையைத் துடைக்கிறான், பந்தைத் துடைக்கிறான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். முதலில் ஏரிக்கரைப் பக்கம். அப்புறம் மோட்டார் கொட்டகைப் பக்கம். ஏரிக்கரையில் நின்றவனைக் கூப்பிட்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடச் சொன்னான். நான் எழுந்து நின்றுவிட்டேன். தெரிந்திருக்கிறது, அரசு. அன்றைக்கும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

போட்டான். ஃபுல்டாஸ். அதே உயரம், அதே லட்சணம். ராஜதுரை சுற்றினான். பந்து மேலே போனது. மோட்டார் கொட்டகைப் பக்கம். உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். நம் ஊர் டீம், கீழே நிற்பது நம் ஊர்ப் பிள்ளை, அது அவன் கையிலிருந்து நழுவ வேண்டும் என்று நான் வேண்டினேன். வாய்விட்டே சொல்லியிருப்பேன். வெயில். பந்து இறங்குகிறது. அந்தப் பிள்ளை இரண்டடி பின்னால் போய், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டான். ஜெயித்துவிட்டோம். மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயப்பிரகாஷைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எனக்கு வாய் கசந்துவிட்டது. என் ரூலே அவனுக்கு மாலை போட்டுவிட்டது என்று உட்கார்ந்திருந்தேன். குடிக்கக் கொண்டுவந்த மோரைத் தரையில் ஊற்றினேன்.

பரிசு கொடுக்கும்போது தோற்ற கேப்டனும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமல்லவா. ராஜதுரை மைக்கைக் கையில் வாங்கக்கூட இல்லை, பாவாடை அவன் வாய்ப் பக்கம் நீட்டினார். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தோத்தது தோத்ததுதாங்க, அதுல பேச்சில்ல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வண்டி ஏறிடறோம். ரெண்டு வருசத்துக்கு முன்ன எடது கையில போட்டாரே ஒரு தம்பி, அவரும் இதே கொட்டாயண்ட ஆளு கேட்டாரு, ரெண்டு தபா கை காட்டினாரு, நான் எதுர்ல நின்னுகினுதான இருந்தேன். கேப்டன் குடுக்கல. குடுத்திருந்தா அன்னிக்கே நான் அவுட்டு. அதுவும் ஃபுல்டாஸு, இதுவும் ஃபுல்டாஸு. அந்தத் தம்பி எங்கங்க என்று கேட்டான். மேளம் நின்றுவிட்டது. பாவாடைதான், மைக்கில் என்பதை மறந்து, சிங்கப்பூருல என்றார். ஸ்பீக்கர் அதை ஊர் முழுக்கச் சொன்னது. அப்பா வரப்பில் நின்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று கிளம்பிவிட்டார்.

மாலையில் ஜெயப்பிரகாஷும் பெரியம்மாளும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, இது அரசுக்கு சின்னம்மா என்றான். எடுத்துக்கினு போ, மைக்குல கெடுத்த பேர மைக்குலயே வந்து சரி பண்ணு என்றேன். பெரியம்மாள், உட்டுத் தள்ளு வளரு, பசங்க ஆட்டம் என்றாள். கொழாயடியில ரெண்டு வருசம் நீ ஆடினது இன்னா ஆட்டம் அக்கா என்று கேட்டேன். குடிக்கத் தண்ணீர் கூட அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. நேற்றுக் காலையில் பாவாடை மைக் செட்டை அவிழ்க்க வந்தபோது ஜெயப்பிரகாஷ் வந்து நின்றான். மைக்கைப் பிடித்து, ஆளில்லாத நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அன்னிக்கி அரசு ஆளு கேட்டான், நாந்தான் குடுக்கல, தோத்தது என்னால என்றான். அவன் ஆரம்பிக்கும் முன்பே பாவாடையிடம் ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பச் சொல்லிவிட்டேன். குழாயடியில் கேட்டதா என்று பிறகு விசாரித்தேன். நன்றாகக் கேட்டதாம். பெரியம்மாள் குடம் நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு போனாளாம்.

மனசு ஆறிவிட்டதா என்று கேட்பாய். இல்லை. பீரோவில் இரண்டு ஜோடி வேட்டி சட்டை இருக்கிறது, அதற்கு யார் பதில் சொல்வது. அடுத்த தைக்கு வந்து அதைக் கட்டிக்கொண்டு நடு கிரவுண்டில் நின்று ரூலை நீ சொல்லு. எதைச் சொன்னாலும் அவன் ஸ்டம்பைத் தொடுவான். அதைப் பார்க்க வேண்டும் எனக்கு. பெரிய பேச்சு போதும். கூடு கூடாகக் கம்பி கட்டும் இடத்தில் வேலை செய்கிறாய், மேலே ஏறும்போது பெல்ட்டைப் பார்த்து மாட்டு. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. கப்பில் வெந்நீர் ஊற்றித் தின்கிற அந்த நூடுல்ஸைக் குறைத்துக்கொள். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, இன்னும் பந்து போட வேண்டிய தோள் அது. எந்த ஊரில் நின்றாலும் நீ கேட்ட இடத்தில் உனக்கு ஆள் நிற்கட்டும், உன் கை ஓங்கியே இருக்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அம்மா,
ப. வளர்மதி

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஜெயப்பிரகாஷ் கெஞ்சிக் கேட்டு உன் புது நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், உன்னிடம் நேராகப் பேச வேண்டுமாம். கூப்பிடுவான். எடுக்காதே. அடித்து அடித்து ஓயட்டும், மறுபடி கூப்பிடட்டும், மறுபடியும் ஓயட்டும். நீ எப்போது எடுக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். அவன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், பெயர் போட்டுச் சேமித்துக்கொள். யாரோ தெரியாத ஆள் என்று நினைத்து எடுத்துத் தொலைக்காதே.