ஸ்ரான்லியை அளந்த நூல்

கத்தார்
06.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணாவை அடக்கம் செய்து நாற்பது நாள். நீங்கள் என் போனை எடுக்கிறீர்களில்லை, அதனால் கடிதம். முப்பத்தொன்பது வயதில் ஸ்ரான்லி அண்ணாவுக்கு மாரடைப்பு என்றால் அடுத்தது நீங்கள்தான். ஒரு நூலை உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். பாதியாக மடித்து, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். மூச்சை உள்ளே இழுத்து ஏமாற்ற வேண்டாம். முனைகள் தொடாவிட்டால் சீனி, பிரஷர், கொழுப்பு மூன்றையும் உடனே சோதிக்க வேண்டும்.

டெரிக்

கொட்டாஞ்சேனை
20.07.2025

அன்பு மகன் டெரிக்,

உன் கடிதத்தில் "எப்படி இருக்கிறீங்கள்" என்ற சொல்லைத் தேடினேன், இல்லை. மிஷின் திருத்துகிறவனுக்கு அப்பனும் மிஷின்தான். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நாளிலிருந்து முப்பத்துநாலு இஞ்ச் காற்சட்டைதான் போடுகிறேன். இன்றைக்கும் அதுதான்.

போன் எடுக்காதது கோபத்தில் அல்ல. போனில் உன் குரலும் அவன் குரலும் ஒன்று. உன் அண்ணி லவினா இன்னும் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். "மாமா, டெரிக் சொல்றதைச் செய்து பாருங்கோவன்" என்கிறாள். இந்த வீட்டில் நான் இனி நூலைத் தொடமாட்டேன். காரணம் கேட்காதே.

கர்த்தர் உனக்குத் துணை.

அப்பா
கொன்ஸ்ரன்ரைன்

கத்தார்
02.08.2025

அப்பா,

காற்சட்டை உங்கள் வயிற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. பெல்ட் நிற்பது இடுப்பெலும்பில். அங்கே எப்போதும் முப்பத்துநாலுதான் இருக்கும். வயிறு அதற்கு மேலே இருக்கிறது.

ஒன்றை மறைத்துவிட்டேன். பெப்ரவரியில் அண்ணா கோல் பண்ணினான். "தம்பி, படி ஏறினா மூச்சு வாங்குது. நெஞ்சும் இறுக்குதடா." உடனே டொக்டரிடம் போ என்று சொல்லாமல், உயரமும் நிறையும் கேட்டேன். நூற்றறுபத்தெட்டு, அறுபத்துநாலு. உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று கணக்குப் போட்டேன். "உன்ர நிறை சரியாத்தான் இருக்கு, சும்மா பயப்படாத, நான் வேலையில நிக்கிறன்" என்று வைத்துவிட்டேன். கை கால் மெலிந்து வயிறு மட்டும் வைத்தவனை அந்தக் கணக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். வயிற்றைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரித் தராசுகளைத் திருத்துகிறவன் நான். இப்போது எதைத் திறந்தாலும் அறுபத்துநாலு என்றே கண்ணில் படுகிறது.

எப்படி இருக்கிறீர்கள், அப்பா?

டெரிக்

கொட்டாஞ்சேனை
19.08.2025

மகன்,

ஸ்ரான்லியைச் சவப்பெட்டிக்கு அளக்க வந்தவர் டேப் கொண்டுவரவில்லை. தலை முதல் கால்வரை நூலால் அளந்து வெட்டி, "இதை ஆளோட உள்ளுக்குப் போட்டிருங்கோ ஐயா, வீட்டில வைக்கக்கூடாது" என்று தந்தார். நான் போடவில்லை. பைபிளுக்குள் வைத்தேன். அன்றிலிருந்து பின்னேரங்களில் படியில் யாரோ மூச்சு வாங்குவது கேட்கிறது. லவினாவுக்கும் கேட்கிறது போல. நாங்கள் அதைக் கதைப்பதில்லை.

அவனுடைய கல்யாணக் கோட்டின் பொத்தான் பூட்டவில்லை. முதுகில் வெட்டித்தான் போட்டுவிட்டோம். ஒரே மேசையில் சோறு தின்ற நான் அந்த வயிற்றைக் கண்டது அன்றைக்குத்தான். நீ தனியச் சுமக்காதே.

உன் கடிதம் வாசித்தபின் அந்த நூலை எடுத்தேன். அவனும் நானும் ஒரே உயரம். மடித்துச் சுற்றினேன்; லவினா முனைகளைப் பிடித்தாள். மூன்று விரல் இடைவெளி. "மாமா, மூச்சை விடுங்கோ" என்றாள். விட்டேன். ஐந்து விரல். வியாழக்கிழமை கிளினிக்குக் கூட்டிப்போகிறாள்.

நூலை வீட்டில் வைக்கப் பயம், எறிய மனமில்லை. இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். நீயும் அதே உயரம்தான். சுற்றிப் பார்த்துவிட்டு கோல் பண்ணு. முனை தொடாவிட்டாலும் பண்ணு.

எந்தக் குரலாக இருந்தாலும் எடுப்பேன்.

அப்பா