துரைக்கு இரண்டு தட்டு

மார்ச் 3, காலை

அன்புள்ள கீழ்வீட்டு நாத்தனாருக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கு? நேரிலேயே கேட்டிருப்பேன். போன வாரம் நீ முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போன போக்கைப் பார்த்து பயமா இருக்கு.

உன் அண்ணன் கண்ணை மூடினப்போ விட்டுட்டுப் போன பூனை, நம்ம துரைக்குச் சர்க்கரை வியாதின்னு உனக்கே தெரியும். காதோரம் குத்தி ரத்தம் பார்த்து, சாப்பிட வெச்சு, ரெண்டு வேளையும் இன்சுலின் போடுறேன். சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது. துரை மீசையில பாலோட வீட்டுக்கு வர்றார். நான் பாலே வாங்குறதில்லை. நீ ஏதாவது கொடுக்குறியா? மறைக்காம சொல்லும்மா.

அண்ணி


மார்ச் 3, சாயங்காலம்

அண்ணிக்கு,

முட்டி நல்லா இருக்கு. இந்தத் தெருவுல பால் வாங்குறவ நான் ஒருத்திதானா? எடுத்த எடுப்புல என் தலையில பழியா? சொட்டுப் பால் கொடுத்ததில்லை. இனி உங்க துரை என் வாசல்ல வந்து கத்தினாலும் கதவு திறக்காது. போதுமா?

நாத்தனார்


மார்ச் 4, காலை

கோபக்கார நாத்தனாருக்கு,

மன்னிச்சுக்கோ. "வெளியில எங்கேயாவது சாப்பிடுதா?"ன்னு டாக்டர் கேட்டார். "இல்லவே இல்லை, என் நாத்தனார் பொய் சொல்ல மாட்டா"ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அப்படின்னா மருந்து பத்தலைன்னு அளவைக் கூட்டிட்டார். கூட்டின அளவை இப்பவே போட்டாச்சு. நான் தையல் வேலைக்குக் கிளம்புறேன். துரை தள்ளாடினா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுச்சுன்னு அர்த்தம். ஈறுல தேன் தடவணுமாம். கொஞ்சம் பார்த்துக்கோ.

அண்ணி


மார்ச் 4, மத்தியானம்

அண்ணி,

உங்க கதவுல ஒட்டிட்டு ஓடுறேன். வீம்புல உங்க கடிதத்தை இப்பதான் பிரிச்சேன். அடிச்சுப் பிடிச்சுக் கதவைத் திறந்தா, துரை என் வாசப்படியிலேயே விழுந்து கிடக்குது. தேன் தடவிட்டேன். டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறேன். போன் அடிச்சேன், நீங்க எடுக்கலை.

பொய் சொன்னேன் அண்ணி. தினமும் பாலும் ரொட்டியும் வெச்சேன். நேத்துதான் நிறுத்தினேன். அது தெரியாம நீங்க மருந்தைக் கூட்டிட்டீங்க. பாவி நான்! அண்ணன் போனப்புறம் மாடியிலேருந்து என்னைத் தேடி இறங்கி வந்தது அது ஒண்ணுதான்.


மார்ச் 5

என் பொய்க்காரிக்கு,

துரை எழுந்துட்டார், தண்ணி குடிச்சார். மருந்தை நல்லாவே குறைச்சாச்சு. நீ தேன் தடவலைன்னா பிழைச்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். நீ பொய் சொல்லலைன்னா விழுந்தே இருக்காதுன்னு நான் சொல்றேன். கோபம் ஆறலை. அறைஞ்சுடுவேனோன்னுதான் நேத்து ஆஸ்பத்திரியில உன்னை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தேன்.

ஆனா உன் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். இடையில ஒரே ஒரு படிக்கட்டு, நான் இறங்கி வரலையே.

இன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் வர்றோம். கதவைத் திறந்து வை. துரைக்கு ஒண்ணும் வைக்காதே. பாலும் ரொட்டியும் எனக்கு வை.

அண்ணி