மல்லாட்டைப் பூவுக்குக் குனிந்தவளுக்கு

அம்மா,

இன்று காலை மாடித் தொட்டியில் செம்பருத்தி பூத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, லேபுக்குப் போக வேண்டியதில்லை. காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பூவுக்குக் கிட்டே குனிந்தேன். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தண்டும், அதன் நுனியில் இருக்கும் சிவப்புப் பொட்டுகளும் மட்டும் படத்தில் வந்தால் போதும் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப எடுத்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு இருந்தது, பூ இல்லை. தண்ணீரில் கரைத்த குங்குமம் மாதிரி இருந்தது.

பின்னால் வந்து நின்ற உன் பேத்தி யாழினி எட்டிப் பார்த்தாள். “ம்மா, எல்லாமே பிளர் ஆயிருக்கு.”

“காத்துடி” என்றேன்.

“எங்கம்மா காத்து? கொடியில துணி கூட ஆடல.”

உண்மைதான். அவளுடைய துப்பட்டா கொடியில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் நின்ற மேகம்கூட நகரவில்லை. “காத்து” என்பது உன்னுடைய சொல். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, நீ சொன்ன பொய் என் வாயில் பத்திரமாக இருந்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தம்பியிடம் சொன்னால் உடனே தைரியம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். இவரிடம் சொன்னால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். நீ அப்படியில்லை. நீயே பயந்தவள். அடுத்தவர் பயத்தைப் பார்த்து நீ சிரித்ததே இல்லை.

நம் ஊர் அடி அண்ணாமலையில் உன்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி இருந்திருக்க மாட்டாள். குரங்குக்குப் பயம், குக்கர் விசிலுக்குப் பயம், பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலப் பாதையைக் குறுக்கே கடக்கப் பயம். எதிர்ப்பக்கக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கவும் யார் கையையாவது பிடித்துக்கொள்வாய். எல்லாவற்றுக்கும் மேல் ஊசி. பெற்ற மகள் லேபில் ரத்தம் எடுக்கிறவள், பல வருஷம் எனக்கு ஒரு சொட்டு கொடுத்ததில்லை நீ. “நகை வேணா கழட்டித் தரேன், ரத்தம் மட்டும் கேக்காத” என்பாய். அப்படிப்பட்டவள் பூசணிப் பூவுக்குள் தேனீ உட்கார்ந்திருக்கும்போது போனை அதன் முதுகுவரை கொண்டுபோனாய். நான் கத்தினேன். “அது வேலைல கீது, என்னை எங்க பாக்கப் போவுது” என்றாய்.

அந்தப் போன் தம்பி சென்னையிலிருந்து கொண்டுவந்த பழைய போன். நம் குடும்ப குரூப்பில் அப்போதெல்லாம் ஆளுக்கொரு ரோஜாப் படம் அனுப்பி காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என்னிடம் கேட்டாய்.

“இது யார் வீட்டு ரோஜாடி?”

“யார் வீட்டுதும் இல்லம்மா. நெட்ல வரது.”

“வீடே இல்லாத பூவை எதுக்கு அனுப்புறீங்க?”

மறுநாள் காலை உன்னிடமிருந்து ஒரு படம் வந்தது. ஊதா நிறத்தில் இதழ், நடுவில் குட்டி வாழைச் சீப்பு மாதிரி மஞ்சளாக ஏதோ ஒன்று, அதன்மேல் ஓர் எறும்பு. யாருக்கும் அது என்ன பூ என்று தெரியவில்லை. சித்தி குரூப்பில் கேட்டே விட்டாள். “நேத்து எங்க வீட்ல நீ துண்ண கொழம்புதான்” என்று குரலில் பதில் அனுப்பினாய். கத்திரிப் பூ! வருஷக்கணக்காகக் கத்திரிக்காய் நறுக்குகிறோம், அதன் பூவை யாரும் அவ்வளவு கிட்டே பார்த்திருக்கவில்லை.

தோட்டத்து நந்தியாவட்டையை எடுப்பதென்றால் மட்டும் உனக்குச் சங்கடம். அது கோயிலுக்குப் போகிற பூ. முகர்ந்த பூவைச் சாமிக்குப் போடக் கூடாது, கிட்டே போனால் மூச்சுப் படுமே! அதற்காக முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு குனிவாய். எதிர் வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “இன்னாம்மா, பூவுக்கு ஆபரேஷனா?” என்று கேட்பாள். நீ பதில் சொல்ல முடியாது, மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாய். எடுத்து முடித்ததும் கிணற்றில் மூழ்கி எழுந்தவள் மாதிரி மூச்சு வாங்குவாய்.

யாரும் சொல்லித் தராமல் நீயாக ஒன்றைக் கண்டுபிடித்தாய். “கிட்டப் போகப் போக ஒரு எடம்தான்டி தெளிவாத் தெரியுது. மத்ததெல்லாம் கலங்கிடுது.” அன்று அதைப் படத்துக்கான யோசனையாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பிறகு உன் படங்கள் கலங்க ஆரம்பித்தன. பூ தெரியும், ஆனால் ஓரம் இரட்டையாக இருக்கும். “லென்ஸைத் தொடைம்மா” என்றான் தம்பி. “காத்து ஜாஸ்தி இன்னைக்கு” என்று எழுதினாய். ஆடி மாதம், நம்பினோம். மழைக்காலத்திலும் காற்று என்றாய். மார்கழியில் மலையே தெரியாமல் பனி இறங்கி ஓர் இலைகூட அசையாமல் நின்ற காலையிலும் காற்று என்றாய். அதன் பிறகு கொஞ்ச நாள் படமே வரவில்லை.

மறுபடி வந்தபோது எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தன. தும்பை, நெருஞ்சி, மல்லாட்டை. வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வருமே, அந்த மல்லாட்டைப் பூவைத்தான் விதவிதமாக எடுத்தாய். அந்தச் சின்ன மஞ்சள் இதழில் ஓடுகிற செம்பழுப்புக் கோடுகளைக்கூட எண்ணிவிடலாம். “அம்மா லெவலே வேற” என்று தம்பி எழுதினான். நானும் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினேன். செம்பருத்தி வரவில்லை, முருங்கைப் பூ வரவில்லை, வேலியில் படர்ந்த சங்குப்பூ வரவில்லை. வந்ததெல்லாம் தரையை ஒட்டிப் பூக்கிற பூ. அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் பஸ் ஏறி வந்தேன். வீடு திறந்து கிடந்தது, நீ இல்லை. பின்னால் கொல்லைக்குப் போனால் மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவில் குப்புறக் கிடக்கிறாய். விழுந்துவிட்டாய் என்று நினைத்து, செருப்பு எங்கே கழன்றது என்றுகூடத் தெரியாமல் ஓடி வந்தேன். நீ விழவில்லை. முன்னால் ஒரு செங்கல், அதன்மேல் சாய்த்து வைத்த போன், மண்ணில் உன் மோவாய். ஒரு விரலை மட்டும் நீட்டிப் பொத்தானை அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த விரல் பொத்தானுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்தது.

“இன்னாம்மா இது, மண்ணுல படுத்துனு?”

“கைல வெச்சி எடுத்தா ஆடுதுடி.”

“காத்துல பூ ஆடுதா?”

நீ மெதுவாக எழுந்து உட்கார்ந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாய். என்னைப் பார்க்கவில்லை.

“காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் ஆடுறேன்.”

அப்போதுதான் உன் வலது கையைப் பார்த்தேன். மடியில் சும்மா கிடந்தது, ஆனால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் விளக்குத் திரி திரிப்பது மாதிரி ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. “டாக்டர் கிட்ட வேணாண்டி. ஊசி போடுவாங்க” என்றாய். அடுத்த வாரமே அழைத்துப் போனேன். நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார். மாத்திரை பற்றி அவர் நிறையப் பேசினார். நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்: “சோறு கொட்டிக்காம நானே துண்ணலாமா சார்?”

அன்று முதல் தடவையாக எனக்கு ரத்தம் கொடுத்தாய். “குத்துறதுனா நீயே குத்து” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். உன் முழங்கையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, ஆடுகிற கையில் நரம்பைத் தேடி எடுத்தேன். என் கை அப்போது சிலை மாதிரி நின்றது. வலிக்கவே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

போன வாரம் லேபுக்கு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெரியவர் சர்க்கரை பார்க்க வந்தார். கையை நீட்டினார், பஞ்சால் துடைத்தேன், ஊசியைக் கொண்டுபோனேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, குத்திக்கப் போறது நானு. நீ எதுக்கு நடுங்குற?”

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊசியை என்னோடு வேலை செய்யும் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் கை நடுங்குவது தெரியாது.

அதற்குப் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை, கையை மட்டும்தான் பார்க்கிறேன். காபி ஆற்றும்போது, சாவி நுழைக்கும்போது, ஜாக்கெட் கொக்கி மாட்டும்போது. இவர் ஏதோ சொல்கிறார், காதில் விழுவதில்லை. யாழினிக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு இடம்தான் தெளிவாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் கலங்கிவிட்டது. ஊசி பிடிக்க முடியாத கைக்கு லேபில் வேலை இல்லை, அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், இது எந்த வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் கொக்கி, பிறகு டம்ளர், பிறகு நடை, பிறகு பேச்சு. கடைசியில் உனக்குக் கஞ்சி ஊட்டியவளும் வாயைத் துடைத்தவளும் நான்தானே. நான் வாயைத் துடைத்த ஒவ்வொரு தடவையும் நீ கண்ணை மூடிக்கொண்டதும் தெரியும்.

நேற்று லேபில் ரத்தம் கொடுக்கிற நாற்காலியில் நானே உட்கார்ந்து கையை நீட்டினேன். “அக்கா, தைராய்டு ஏறினா கூட கை நடுங்கும். சும்மா பயப்படாதீங்க” என்றாள் அந்தச் சின்னப் பெண். நாளைக்கு ரிசல்ட். மறுநாள் நரம்பு டாக்டர். எனக்குத் தைராய்டாக இருக்க வேண்டும் என்று வேண்டி, வருகிற பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டேன். வியாதி வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் கேட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ இருந்தால் துணைக்கு வந்திருப்பாய், வழியெல்லாம் குரங்குக்குப் பயந்துகொண்டு.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் யாழினி தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“ம்மா, உன் கைக்கு என்ன ஆச்சு?”

இதற்கும் ஏதாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. பெரியவர் கேட்டது, நாளைக்கு வரும் ரிசல்ட், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. தட்டில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

“ஆயாவுக்கு வந்த மாதிரியா?”

“தெரியலடி.”

“அப்ப எனக்கும் வருமா?”

நான் உன்னிடம் ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை அம்மா. மனதுக்குள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் கேட்டதும், உன் கடைசி மாதத்து மத்தியானம் ஒன்று ஞாபகம் வந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. “கையக் காட்டு” என்றாய். உன்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாய் என்று நினைத்து இரண்டு கைகளையும் உன்னிடம் நீட்டினேன். நீ தொடவில்லை. தெருவைக் கடக்கவும் கை தேடுகிறவள், உன் கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். “கட்டில் மேல வை” என்றாய். வைத்தேன். பூவைப் பார்க்கிற மாதிரி கிட்டே குனிந்து, விரல் விரலாக, வெகுநேரம் பார்த்தாய். “அசையல” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டாய். உனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தேன். என் கையைத் தொடாமல் விட்டுவிட்டாயே என்று சமையலறையில் போய் நின்று அழுதேன்.

இன்று யாழினி எனக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்களை அகல விரித்துவைத்துக்கொண்டு, “பாரும்மா” என்றாள். வாரிப் பிடித்துக்கொள்ளத்தான் என் கை போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. என் கை பட்டால் அவள் கையும் ஆடும். அப்புறம் எது யாருடைய நடுக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

“மேசை மேல வைடி” என்றேன்.

வைத்தாள். நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது, நடுவிரலில் பேனா மை. அவளைத் தொடாமல், முகம் கிட்டே போகும்வரை குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.

அசையவில்லை, அம்மா.