ஓதப்பாடி எல்லையில் நிற்கும் படைக்கு

கரைகாத்தாள் அருள் கூடுக. பட்டக்கல்லில் பொறித்த சொல் நிலைபெறுக.

புன்னைத்துறை நாட்டின் தென்னெல்லைக் காவலரும், பகைவர் நடுவே வீழ்ந்த மன்னரைத் தம் குதிரையில் ஏற்றி மீட்டவருமாகிய படைத்தலைவர் கோடைவேலருக்கு, மன்றத்தின் பேரமைச்சர் கொற்றங்கோதையார் விடுக்கும் ஓலை. உம் வீரரும், குதிரைகளும், படைக்குச் சோறாக்குவோரும் நலமாயிருக்க. வாழ்த்தை இத்துடன் நிறுத்துவதைப் பொறுத்தருள்க. நேரமில்லை.

முதலில் ஆணை. இதைப் படிக்கும் இடத்திலேயே படையை நிறுத்துக. ஓதப்பாடியில் ஒரு கூரைமீதும் கை படலாகாது. நடந்தது இதுவே.

இளவரசி அல்லியங்கோதை காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, மாமன்னர் கடல்வரையர் கரைகாத்தாள் சன்னதியில் விழுந்து, மகள் பிழைத்தால் ஓதப்பாடியைக் காலி செய்து அம்மனுக்கே தருவதாக நேர்ந்து, கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டார். அவ்வூர் உப்பளத்து மக்கள் அம்மனைக் கும்பிடுவதில்லை. கடலில் நிற்கும் பாறையைக் கும்பிடுகிறவர்கள். அவர்களை விரட்டினால் அம்மன் மகிழ்வாள் என்று யாரும் சொல்லாமலே மன்னர் நினைத்துக்கொண்டார். இளவரசி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மன்னர் உமக்கு ஆணை அனுப்பினார். மன்றத்தைக் கேட்கவில்லை.

இன்று காலை பேரமைச்சர் அரண்மனைக்குள் நுழைந்தபோது, மன்னர் மகளின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். முடிசூடிய அன்று பட்டக்கல்லின்மேல் நின்று, குடியின் நிலம் கோவின் நிலம் அன்று எனத் தாங்கள் சூளுரைக்கவில்லையா, தங்களுடையது அல்லாததை எப்படி நேர்ந்தீர்கள் என்று பேரமைச்சர் கேட்டார்.

"கல்லாம் கல்!" என்று சீறினார் மன்னர். "என் பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் உம்முடைய கல்லா வந்து நெற்றியில் பற்றுப் போடும்?"

பேரமைச்சரும் கரைகாத்தாளைக் கும்பிடுகிறவரே. பிள்ளை பெற்றவரே. அந்த அச்சம் பொய் அன்று என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அச்சத்துக்கு ஓர் ஊரே விலையாவதா? பூசகர் சடையனாரை அழைத்துவரச் சொன்னார்.

"அம்மன் வாய் திறந்து ஊரைக் கேட்கவில்லை, மகாராசா. நீங்களாகக் கொடுத்தீர்கள்," என்றார் பூசகர். "ஆனால் கட்டின காப்பை நான் அறுத்தால் கடன் குழந்தை தலையில் விழும். வேறொருவர் மனமொப்பிக் கட்டிக்கொள்ளலாம். ஊருக்கு ஈடாக அம்மன் எதைக் கேட்பாளோ, அது அவர் பாடு. கைமாறும் காப்பு, தாய் உயிரோடு இருப்பவர் கையில்தான் ஏறும்."

பேரமைச்சர் கையை நீட்டினார்.

"தாயே, உங்கள் அம்மாவைப் போன மாசியில்தானே எரியூட்டினோம்," என்று பூசகர் தலைகுனிந்தார்.

மன்னர் சிரித்தார். நல்ல சிரிப்பு அன்று. "உமக்குத் தாய் இல்லை. உம் மகனுக்கு இருக்கிறாரே! ஊரார் பிள்ளைகளுக்காக இவ்வளவு பேசுகிறீர்; உம் பிள்ளை கையில் கட்டும், பார்க்கலாம். கட்டினால் ஓதப்பாடியை விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளை மன்றம் கூடியதும் அந்தக் கல்லை உடைத்துவிட்டு, நானே வாளோடு அங்கே போவேன்." கயிற்றை அறுக்காமல் கழற்றிப் பேரமைச்சர் காலடியில் எறிந்தார்.

படைத்தலைவரே, அந்த மகன் நீர்.

'சரி' என்ற சொல் பேரமைச்சர் நாவின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார். பிறர் வீட்டை நேர்ந்த மன்னருக்கும், பிறன் உயிரை நேரும் தாய்க்கும் அப்புறம் என்ன வேறுபாடு? குனிந்து கயிற்றை எடுத்தார். "அவன் என் வயிற்றில் பிறந்தவன், என் உடைமை அல்லன். கேட்டுச் சொல்கிறேன்," என்று மட்டும் சொல்லித் திரும்பி நடந்தார்.

ஆகவே இவ்வோலையில் இரண்டு உள்ளன. படையை நிறுத்துவது ஆணை. மன்னர் ஆணையை மன்றம் கூடும்வரை நிறுத்திவைக்க மன்ற முத்திரை ஒன்றே போதும் என்பது பட்டக்கல்லின் சொல். நீர் எந்த விடை சொன்னாலும் அது நிற்கும். அதை மறுக்க உமக்கு உரிமையில்லை.

மற்றது கேள்வி. இவ்வோலையைப் பிரிக்க நீர் அவிழ்த்த மஞ்சள் கயிறுதான் மன்னர் கையிலிருந்த காப்பு. அவிழ்த்ததால் எதுவும் உம்மைச் சேராது, பூசகரிடம் கேட்டாயிற்று. மனமொப்பினால் கட்டிக்கொள்க. இல்லையேல் இவ்வோலையிலேயே சுற்றித் தூதனிடம் கொடுத்தனுப்புக. உம்மைக் கோழை என்று எவரும் சொல்லார். சொன்னால் பேரமைச்சர் பார்த்துக்கொள்வார். கயிறு திரும்பி வந்து, நாளை மன்னர் கல்லை உடைக்க வந்தால், அதன்மேல் பேரமைச்சர் ஏறி நிற்பார். அதை எண்ணி நீர் முடிவெடுக்க வேண்டாம். அது அவர் கடமை.

மன்றம் அறிய, கடலும் கல்லும் சான்றாக, முத்திரை இடப்பட்டது. ஆணை இவ்வளவே.

முத்திரைக்குக் கீழே ஒரு வரியைக் கீறி அழித்த தடம் தெரியும். அதைப் படிக்க முயல வேண்டாம். தாய் எழுதியது, அமைச்சர் அழித்தது.